கொஞ்சம் தள்ளி நில்லுங்க

குன்னூர் ரயில் நிலையத்தில் ஒரு பெண்ணைப் படத்திலிருந்து விலகச் சொன்னேன். அவர் விலகினார். ஒரு நொடி வேலை. அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும் அளவுக்கு யோசிக்க வேண்டுமா என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். வேண்டியிருக்கிறது. கல்லூரியில் பதினெட்டு ஆண்டுகளாகப் பெண்ணெழுத்துத் தாளைக் கற்பிக்கிறேன். இலக்கிய வரலாற்றிலிருந்து பெண்கள் எப்படி விலக்கப்பட்டார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையின் முன் நின்று பேசுகிறேன். அப்படிப்பட்ட நான் கையில் கேமரா வந்ததும் சொன்ன முதல் வார்த்தை ‘கொஞ்சம் தள்ளி’ என்பதுதான்.

நான் போனது எஞ்சினுக்காக. நீலகிரி மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வண்டியைத் தள்ளும் ‘எக்ஸ்’ வகை நீராவி எஞ்சினைப் படம் பிடிக்க வேண்டும் என்பது சிறுவயது ஆசை. சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்தின் தொழிற்சாலையில் செய்து கப்பலில் வந்தவை அவை. 1914 தொடங்கி இருபதுகளின் நடுப்பகுதி வரை ஒரு தொகுதியும் 1952இல் இன்னொரு தொகுதியும் வந்தன. பழுதானால் திருச்சி பொன்மலைப் பணிமனைக்குப் போய்ச் செப்பனிட்டுத் திரும்பும். 2011 முதல் பொன்மலையிலேயே எண்ணெயில் ஓடும் புதிய எஞ்சின்களையும் அதே வடிவத்தில் செய்தார்கள். என் கண்ணில் பட்டது செப்பனிட்டு வந்த பழையது. கறுப்பும் நீலமுமாகப் புதுப்பூச்சு, துடைத்து மின்னும் பித்தளை. கொஞ்சம் கல்யாணப் பெண் போல என்று எழுத வந்தது, எழுதாமல் விடுகிறேன். எஞ்சினைப் பெண்ணாக்குவது ரயில் பிரியர்களின் பழக்கம். ஆங்கிலத்தில் அதை ‘அவள்’ என்றே சொல்வார்கள். எஞ்சினுக்குக் கிடைக்கும் அந்தக் கனிவு எஞ்சினடியில் பெருக்குகிற ‘அவளு’க்குக் கிடைப்பதில்லை.

இந்தப் பாதையின் அதிசயம் கல்லாறு தாண்டியதும் தொடங்குகிறது. அங்கிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை கொண்ட இரும்புப் பட்டைகள் ஓடுகின்றன. இரண்டு பட்டைகளின் பற்களும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் மாறி மாறி அமைந்திருக்கும். எஞ்சினின் பற்சக்கரம் ஒரு பல்லை விடும்போது இன்னொன்றைக் கவ்வியிருக்கும், பிடி அறுவதே இல்லை. எஞ்சினுக்கு நான்கு உருளைகள். இரண்டில் வேலை செய்து சற்றே களைத்த நீராவி அடுத்த இரண்டுக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பன்னிரண்டடிக்கு ஓரடி என்ற கணக்கில் ஏறும் மலை. வீணாக்க எதுவும் இல்லை, மிச்ச மூச்சும் வேலைக்குப் போகிறது. இந்த ஏற்பாட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தவர்கள் யாரென்று இதைப் படிக்கிற பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எஞ்சின் வண்டிக்குப் பின்னால் இருக்கும். மலையேறும்போது அது இழுப்பதில்லை, தள்ளுகிறது. முன்பெட்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதிரே காடும் குகையும் மட்டுமே தெரியும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் நின்று கொடியசைத்துத் தடை போடும் பணியாளர்களைக் கொஞ்சம் தெரியும். மூச்சுவாங்கும் சத்தம் பின்னாலிருந்து கேட்கும். வளைவுகளில் தலையை வெளியே நீட்டினால் எஞ்சினின் முகம் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையிலான 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள் இருப்பதால் நீட்டிய தலைகளுக்குக் குறைவில்லை. பின்னாலிருந்து தள்ளுகிற ஒன்றைப் பார்க்க இத்தனை பேர் கழுத்தை வளைப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஹில்குரோவில் வண்டி தண்ணீர் குடிக்க நின்றது. எல்லோரும் இறங்கி எஞ்சினிடம் ஓடினோம். எனக்கு முன்பே மூன்று முக்காலிகள் நின்றிருந்தன. ஓர் ஐயா, நான் கேட்காமலேயே, இந்த எஞ்சினைச் செய்தது சுவிஸ் கம்பெனி என்று சொன்னார். என் லென்ஸ் இந்த வெளிச்சத்துக்குப் போதாது என்றும் சொன்னார். அது உண்மைதான், அதனால்தான் கோபம் வந்தது. பிறகு, “மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃபிரேம்ல வர்றீங்க” என்றார். தள்ளி நின்றேன். என் புடவை நிறம் அவருடைய 1914ஐக் கெடுத்திருக்கும்.

குன்னூரில் எஞ்சின் கழற்றப்படும், அங்கிருந்து உதகைக்கு டீசல் எஞ்சின். கழன்று வந்து தனியே நிற்கிற சில நிமிடங்கள்தான் படத்துக்கு நல்ல நேரம். ஆவி கசிந்துகொண்டிருந்தது, பின்னால் மஞ்சு இறங்கியிருந்தது. குனிந்து கேமராவைக் கண்ணில் வைத்தேன். சட்டகத்தின் இடப்பக்கத்தில் ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று அசைந்தது. நடைமேடையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கலாம்.

“அக்கா, ஒரு நிமிஷம் கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?”

அவர் நிமிரவில்லை. அது அவருக்கு அன்றைக்கு எத்தனையாவது ‘கொஞ்சம் தள்ளி’யோ. துடைப்பத்தைப் பக்கவாட்டில் சாய்த்தபடி, பழகிய தூரம் நகர்ந்தார். எவ்வளவு நகர்ந்தால் படத்திலிருந்து வெளியே போவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் எடுத்தேன். நல்ல படம்.

எடுத்து முடித்துத் திரையில் பார்த்தபோதுதான் ஹில்குரோ ஐயா நினைவுக்கு வந்தார். ஒன்றரை மணி நேரத்துக்குள் நான் அவராகியிருந்தேன்.

பழைய எஞ்சினைப் படமெடுப்பவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் தேடுகிறோம். அந்தப் படம் இன்று எடுத்ததாகத் தெரியக் கூடாது. பிளாஸ்டிக் பாட்டில், செல்போன் கோபுரம், ஒப்பந்தத் தொழிலாளியின் ஒளிரும் சட்டை இவை இல்லாமல் இருந்தால் அது ‘அந்தக் காலம்’. ஆனால் அந்தக் காலத்திலும் அந்த நடைமேடையை யாரோ பெருக்கியிருப்பார்கள். 1899 ஜூனில் மேட்டுப்பாளையம் குன்னூர்ப் பாதை திறந்த நாளில் அது தானே சுத்தமாகியிருக்க முடியாது. இரும்பை மீட்கிறோம், பித்தளையை மீட்கிறோம். அந்த இரும்பைச் சுற்றியிருந்த உழைப்பைத்தான் சட்டகத்தின் ஓரத்தில் நிறுத்தி ‘ஒரு நிமிஷம்’ என்கிறோம்.

நீலகிரிக்கு இது புதிதல்ல. பல்வரிசைப் பாதைக்கு முன்னோடியான ரிக்கன்பாக்கின் பெயரும், நான் மேலே விவரித்த பற்களை வடிவமைத்த ரோமன் ஆப்ட்டின் பெயரும் இந்த ரயிலைப் பற்றிய எந்தக் குறிப்பிலும் இருக்கும். 1891இல் தொடங்கிய வேலையில் பாறையைக் குடைந்தவர்கள், கூடையில் மண் சுமந்தவர்கள் எண்ணிக்கையாகக்கூட நம் பேச்சில் இல்லை. மறுபக்கம், படமெடுக்கப்பட்டவர்களின் கதை. நீலகிரியின் முதல் ஆணையர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இம்மலையின் பழங்குடிகளைப் பற்றி எழுதிய நூல் ஒளிப்படங்களோடு 1873இல் வந்தது. தோடரும் கோத்தரும் குறும்பரும் கேமராவின் முன் நிறுத்தப்பட்டார்கள். யாரும் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. நடுவில், அசையாமல் நிற்கச் சொன்னார்கள். நூல் வருவதற்குள் பிரீக்ஸ் இறந்துவிட்டார், அதைப் பதிப்பித்தது அவருடைய மனைவி. பிரீக்ஸ் பெயரில் உதகையில் பள்ளிக்கூடமே இருக்கிறது, பதிப்பித்தவளை நமக்கு அவருடைய விதவை என்ற அளவில்தான் தெரியும். ஒரே புத்தகத்துக்குள் இரண்டு அநீதிகள். ஒன்று வெளியே நிறுத்தியது, இன்னொன்று உள்ளே நிறுத்தியது.

ஆக, ‘அந்தப் பெண்ணையும் சேர்த்து எடுத்திருந்தால் சரியாகியிருக்கும்’ என்பது அவ்வளவு சுலபமான பதில் அல்ல. ஆனால் எனக்கு அங்கே அதுதான் தோன்றியது. குற்றவுணர்ச்சிக்கு எப்போதும் கைவசம் ஒரு பதில் இருக்கும். பக்கத்தில் போய், “அக்கா, உங்களையும் சேர்த்து ஒரு படம் எடுக்கட்டுமா?” என்றேன்.

“ஐய, வேண்டாம் மேடம். இந்தச் சட்டையோடயா?”

“சட்டையைக் கழட்டிட்டு?”

“அப்பவும் வேண்டாம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த ‘அப்பவும்’ என்ற சொல்லில் ஒரு கதவு இருந்தது, உட்பக்கம் தாழிட்டது.

அந்த இடத்தில் எனக்குத் தாமல் ஞாபகம் வந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் சாலையில் போனால் ஏரிக்கரையோடு வருகிற ஊர் எங்களுடையது. வீட்டில் தறி இருந்தது, அப்பா பட்டு நெய்தார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் பள்ளியில் அப்படித்தான் எழுதினேன்: தந்தை தொழில் நெசவு, தாய் இல்லத்தரசி. கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரே நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்வந்தால் அது நடக்காது. மூன்று நாடா வேண்டும், ஒரு ஆளின் கை போதாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரையின் நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. அவள் அடுப்புக்குப் போன நேரத்தில் நான். தார் சுற்றுவதும் அவள்தான். புடவைக்குக் கூலி ஒன்று, அது அப்பாவின் கணக்குப் புத்தகத்தில் ஏறும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் படமெடுக்க வந்தார். தறிக்குழியில் அப்பா, பக்கத்தில் அம்மா. அவர் கேமராவை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, நீங்க ஒரு ரெண்டு நிமிஷம் எழுந்துக்கறீங்களா?” என்றார். அம்மா எழுந்து, வந்தவருக்குக் காபி போட உள்ளே போனாள். அப்பா நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்காததுபோலப் பார்த்தார். அந்தப் படம் சட்டம் போட்டு எங்கள் கூடத்தில் இன்றைக்கும் தொங்குகிறது. பார்ப்பவர்கள் ‘நெய்கிற மாதிரியே இருக்கு’ என்பார்கள். நெய்யவில்லை. பக்கத்து ஆள் இல்லாத கோர்வைத் தறி ஓடாது. அந்தப் படத்தில் இருப்பது நின்றுபோன ஒரு தறி.

இந்த நிகழ்ச்சியை வைத்து நான் ஒரு கவிதை எழுதினேன். என் இரண்டாம் தொகுப்பில் இருக்கிறது. அம்மாவின் கைகளைப் பற்றியது. கூட்டங்களில் என்னை வாசிக்கச் சொல்வார்கள், சில பெண்கள் அழுதிருக்கிறார்கள். யாரோ உறவுக்காரப் பெண் தொகுப்பை எடுத்து அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது அம்மா பருப்பை ஆய்ந்துகொண்டே கேட்டாள், “இன்னாத்துக்குடி என் கையப் பத்தி ஊருக்கெல்லாம் சொல்லினு இருக்கே?” நான் விளக்கினேன். உழைப்பு, அங்கீகாரம், வரலாறு என்று என்னவோ சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “சரி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல” என்றாள்.

பத்திரிகைக்காரர்கூட ஒரு வார்த்தை கேட்டுத்தான் எழுந்திருக்கச் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

எங்கள் துறையில் இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய இடம் உண்டு. அகப்பாடல்களில் தலைவன் தலைவி யாருக்கும் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் சொன்னால் அது புறமாகிவிடும். புறத்தில் அரசர்களுக்குப் பெயர் உண்டு, வள்ளல்களுக்கு உண்டு, மலைகளுக்கும் குதிரைகளுக்கும்கூட உண்டு. இதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பெயரின்மை என்றால் இழப்பு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். பாடப்பட்ட பெண் யாரென்றே தெரியாமல் போயிற்றே என்று. குன்னூருக்குப் பிறகு அந்த விதியை வேறு மாதிரியும் படிக்க முடிகிறது. பெயர் சொல்லாமல் விடுவது ஒருத்தியின் அந்தரங்கத்துக்குக் கொடுக்கும் காவலாகவும் இருக்கலாம். அவள் துயரத்தை ஊரே பாடலாம், அவளைத் தெருவில் அடையாளம் காட்ட முடியாது. ஆனால் யார் அந்தக் காவலைக் கேட்டது, யார் கொடுத்தது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. தானே பெயரை மறைத்துக்கொள்வதும், பிறர் பெயரை எழுத மறப்பதும் ஏட்டில் ஒரே வெற்றிடமாகத்தான் தெரியும்.

1936இல் கலிபோர்னியாவில் டோரதியா லாங் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கன்னத்தில் கைவைத்த பெண், தோளில் முகம் புதைத்த இரண்டு குழந்தைகள். வறுமையின் முகமாக உலகமெங்கும் போன படம். லாங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்ற கசப்பு அவருக்கு இருந்தது. எனக்கு இதில் எப்போதும் உறுத்துவது வேறொன்று. அசல் படத்தின் கீழ்மூலையில் கூடாரக் கம்பத்தைப் பிடித்த ஒரு கட்டைவிரல் தெரியும். பிறகு லாங் நெகடிவில் அதை மங்கச் செய்தார், படத்தின் அமைதியைக் கெடுக்கிறது என்று. உழைக்கும் பெண்ணுக்காக எடுத்த படம், எடுத்தவரும் பெண், எடுத்த நோக்கத்தில் குறையில்லை. ஆனாலும் ஒரு விரல் அதிகமாக இருந்திருக்கிறது.

சங்கடம் கேமராவில் மட்டும் இல்லை, படத்துக்குள் யாருடன் நிற்கிறோம் என்பதிலும் இருக்கிறது. வண்டி கேத்தி நிலையத்தைக் கடந்தபோது பெட்டியே பரபரத்தது, ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி எடுத்த இடம். 1982லிருந்து தமிழ்நாடு அந்த நடைமேடைக்காக அழுதுகொண்டிருக்கிறது. நினைவு திரும்பிய பெண் ரயிலில் போகிறாள். பாலு மகேந்திராவின் கேமரா நடைமேடையில் அவனோடு நின்றுவிடுகிறது. தன் பெயரும் பெற்றோரும் வாழ்க்கையும் திரும்பக் கிடைத்து வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் அவளுக்கு அந்தப் பயணம் எப்படியிருந்தது என்று நமக்குக் காட்டவில்லை. நானும் அழுதவள்தான். அன்றைக்கு அதே பாதையில், அவள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு முதல்முறையாக நினைத்தேன்: அவள் குணமாகிவிட்டாள், அதற்கு யாரும் சந்தோஷப்படவே இல்லையே.

குன்னூருக்குத் திரும்புகிறேன். ‘அப்பவும் வேண்டாம்’ என்ற பிறகு நான் நகர்ந்திருக்க வேண்டும். பேச்சை விட மனமில்லாமல், “எத்தனை வருஷமா இங்க வேலை?” என்றேன். இது இன்னொரு வகைப் படமெடுப்பு என்று இப்போது தெரிகிறது. அவர் பதில் சொல்லவில்லை. என் கேமராவைப் பார்த்து, “எஞ்சினை எடுத்தீங்களே, நல்லா வந்துச்சா?” என்று கேட்டார்.

காட்டினேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரையைக் கிட்டத்தில் பார்த்தார். “புகை நல்லா விழுந்திருக்கு” என்றார். பிறகு, எதிர்ப்பக்கம் வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். அந்தப் பக்கம் போய் எடுப்பவர்களின் படம்தான் பளிச்சென்று வருகிறதாம். லென்ஸைப் பற்றிச் சொன்ன ஐயாவிடம் வந்த கோபம் எனக்கு இவரிடம் வரவில்லை. தினமும் அந்த எஞ்சினைப் பார்க்கிறவர் அவர். வருகிறவர்கள் எப்படி எடுக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்றும் பார்த்திருக்கிறார். நான் அவரைப் படத்துக்குள்ளா வெளியிலா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் முழுதும் அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

“எனக்கு இத அனுப்புவீங்களா? வேலை நேரத்துல நம்ம போனை எடுக்க முடியாது. பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா.”

எண்ணைச் சொன்னார். உதகை போய்ச் சேர்ந்ததும் அறையில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில், அடியில், துடைப்பத்தின் நுனி வந்திருந்தது. பழகிய தூரம் நகர்ந்தும் எஞ்சியது. ஈர்க்குகள் நான்கைந்து. எனக்குள்ளே ஒரு மகிழ்ச்சி எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. வெட்டாமல் அப்படியே விடலாம், இதுதான் நேர்மையான படம் என்று தோன்றியது. மனதில் ஒரு கவிதையின் முதல் வரிகூட வந்துவிட்டது. வெட்டாமலே அவருக்கும் அனுப்பினேன்.

இரவு ஒன்பது மணிக்கு ஒரு கைகூப்பல் வந்தது. காலையில் பார்த்தபோது அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எஞ்சின் நின்றிருந்தது. மஞ்சு, ஆவி, பித்தளை எல்லாம் இருந்தன. இடது ஓரத்தைக் கச்சிதமாக வெட்டியிருந்தார்.